மேல்வீட்டு வயலினும் நான் சொன்ன விதியும்

மேல்வீட்டுப் பெண்ணை அவளுடைய தகப்பனிடம் போகவிடாமல் ஒன்பது நாள் மறித்து வைத்திருந்தவன் நான்தான். கதவில் நின்று மறிக்கவில்லை. ஒரு விதியைச் சொன்னேன். விதி சரியானது. நான் அதைச் சொன்ன ஒழுங்கும் சரியானது. அலுவலகத்தில் இருந்த காலத்தில் என்றால் கோப்பை மூடி மேசையின் வலதுபக்கம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

நான் இந்த நாட்டில் ஓர் அரச அலுவலகத்தின் கவுண்டரில் இருபத்தேழு வருடம் இருந்தவன். எந்தப் படிவத்துக்கு எந்தப் படம், எந்த இடத்தில் கையெழுத்து வைத்தால் திரும்பி வரும், எந்த இடத்தில் வைக்காவிட்டால் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றபின் இந்த அறிவை என்ன செய்வது என்று தெரியாமல் சனங்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறேன். நகரின் மற்றப் பக்கங்களான லாசாலில் இருந்தும் சென்ட் லோரன்டில் இருந்தும் ஆட்கள் பையில் கடதாசிகளோடு வருவார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்காமல் போவார்கள். கேட்டவள் இந்த ஒருத்திதான்.

கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் எங்கள் வீடு இரண்டு தட்டு. கீழே நானும் மனைவியும். மேல்தட்டுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு, மாரியில் அதில் ஏறுவதற்குத் தனித் துணிவு வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு செப்டெம்பரில் அதில் இரண்டு வயலின் பெட்டிகளோடு ஒரு பெண் ஏறி வந்தாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் என்ற மாவட்டம். முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கே ஒரு சிறிய இசைப்பள்ளி அந்த நாட்டு இசையைச் சொல்லிக்கொடுக்க அவளை அழைத்திருந்தது. வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். நின்ற நிலையிலேயே கடைசி வரி வரை வாசித்து, பதினோராவது பந்தியில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினாள். என் வாழ்நாளில் ஒப்பந்தத்தை வாசித்துக் கையெழுத்திட்ட முதல் குடியிருப்பாளர். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

மனைவிக்குப் பிடிக்க மூன்று மாதம் எடுத்தது. முதலில் முறைப்பாடுதான்.

"மேல அந்தப் பிள்ளை ஒண்டையே சுத்திச் சுத்தி வாசிக்குது. முடிக்கிற யோசனையே இல்லை."

"வாசிக்கட்டும். இரவு ஒன்பது மணி மட்டும் உரிமை இருக்கு. ஒப்பந்தத்தில போட்டிருக்கு."

"நான் உரிமையைக் கேக்கேல்லை. எங்க முடியுது எண்டு கேக்கிறன்."

பிறகு ஒரு நாள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு முகட்டைப் பார்த்தாள். "இது திஸ்ரம்," என்றாள். இன்னொரு நாள், "இது சங்கராபரணம் இல்லை, கரகரப்பிரியா. அவளுக்குத் தெரியுமோ தெரியேல்லை."

மனைவி ஊரில் பத்து வருடம் வயலின் படித்தவள். இங்கே வந்து சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் குளிசை அடைக்கும் வரிசையில் நின்றாள். வயலின் அலுமாரிக்கு மேல் கிடந்தது. அதைத் தூசு தட்டி எடுத்து, நாலு தந்தியையும் ச ப ச ப என்று சுருதி கூட்டி, மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலில் கட்டணத்தையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து சொன்னாள். அந்தப் பெண் கதிரையைக் காட்டியிருக்கிறாள். என் மனைவி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றியிருக்கிறாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் தானும் நிலத்தில் இருந்தாளாம். பிறகு ஆசையாக வயலினை வாங்கித் தன் தாடைக்குக் கீழே வைத்து வாசித்திருக்கிறாள். அவளுடைய தந்திகளின் சுருதி வேறு, எங்களுடையது வேறு. விரல் பழகிய இடத்துக்குப் போக, பாட்டு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பாட்டாக வெளியே வந்திருக்கிறது. இருவரும் சிரித்த சிரிப்பு எனக்குக் கீழே கேட்டது. என்ன உடைந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவள் என் மனைவியை 'அக்கா' என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லை மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் பேசியது ஆங்கிலம். மனைவியின் வாயில் எல்லா மொழியும் யாழ்ப்பாணத்தமிழாகவே வருவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் லாசாலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் அவளுக்குப் பெரியவர்களுக்கான வகுப்பு. மனைவியும் அதில் சேர்ந்தாள். நான் சாரதியாகப் போய் மூலையில் பத்திரிகை வாசிப்பேன். பாடம் சொல்லும் முறை எனக்கு முதலில் ஒரு முறையாகவே தெரியவில்லை. புத்தகம் இல்லை, பலகை இல்லை, பாடத்திட்டம் இல்லை. ஒரு துண்டை வாசிப்பாள், எல்லாரும் திருப்பி வாசிப்பார்கள். பிழைத்தால் பிழை என்று சொல்லமாட்டாள். அதே துண்டை இன்னொரு முறை வாசிப்பாள், சரியாக வரும்வரை. தாளில் எழுதுவது தடை. "தாள் கண்டால் காது லீவு எடுத்திடும்," என்பாள். ஆனால் ஒரு ஒழுங்கு மட்டும் தவறாது. ஒவ்வொரு பாட்டையும் தொடங்கமுன் அது யாரிடமிருந்து தனக்கு வந்தது என்று சொல்வாள். இன்ன ஊரில் இன்னாருக்கு இன்னாரிடமிருந்து வந்தது, அவரிடமிருந்து எனக்கு. சான்றுச் சங்கிலி என்பார்கள் எங்கள் தொழிலில். அதைக் கேட்டபின் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

பெரும்பாலான பாட்டுகள் "அப்பாவிடமிருந்து" என்றே வந்தன. தகப்பன் கொன்சர்ட்டினா வாசிப்பவர், இரண்டு கைக்கும் நடுவே அடங்குகிற ஆறுமூலைத் துருத்திப்பெட்டி. மாட்டில் பால் கறக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாசிப்பாராம். அதையும் மாடு கேட்டுக்கொண்டிருக்குமாம்.

என் மனைவி அந்தத் தடையை மீறினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் ச ரி க ம போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். கொப்பியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தாள். இன்னொரு மீறலை ஒளிக்க முடியவில்லை. அவளால் ஒரு சுரத்தை நேரே நிற்க விட முடியாது. அசைப்பாள். "சும்மா விட்டால் உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்பாள்.

ஞாயிறு பின்னேரங்களில் ஒரு தவறணையில் இவர்கள் எல்லாரும் கூடி வாசிப்பார்கள். நான் முதல்முறை போனபோது ஒரு வட்டமேசையும் பத்துப் பேரும்தான் இருந்தார்கள். மேடை இல்லை. ஒலிவாங்கி இல்லை, எனவே ஒலிவாங்கி சோதனையும் இல்லை. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, பிந்தி வருகிற பிரதம விருந்தினர், பொன்னாடை எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் நான் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். தட்டியது நான் ஒருவன்தான். பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் அக்கோர்டியன் வாசிக்கும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கியூபெக்காரர், என் காதுக்குக் குனிந்து பிரெஞ்சில் சொன்னார்.

"முசியே, நாங்கள் உங்களுக்காக வாசிக்கவில்லை."

"பின்னே யாருக்காக?"

"அதுதான் எங்களுக்கும் தெரியாது. இருங்கள், பியர் குடியுங்கள்."

இதெல்லாம் நல்ல காலம். போன மாரியில் அவளுடைய வேலை அனுமதி முடியும் திகதி வந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை எங்கள் குசினி மேசையில் வைத்து நானே நிரப்பினேன். சொல்லப்போனால் அது என் பிற்காலப் படைப்புகளில் சிறந்தது. திகதி முடியுமுன்பே அனுப்பினோம். அப்படி அனுப்பினால் முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு இங்கே இருக்கலாம், வேலையும் செய்யலாம். ஒரேயொரு விடயம், நாட்டைவிட்டு வெளியே போனால் அந்தச் சலுகை அறுந்துவிடும். திரும்பி வரலாம், ஆனால் வெறும் பார்வையாளராக. புதிய அனுமதி கைக்கு வரும்வரை ஒரு பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெப்ரவரியில் ஒரு காலை அவள் கோப்போடு கீழே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தகப்பனுக்கு நுரையீரல். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தமையன் தொலைபேசியில் 'வா' என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"இப்ப நான் போனால் என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறில்லாமல்.

"புது அனுமதி வர எவ்வளவு காலம்?"

"ரெண்டு மாசத்தில வந்தவையும் இருக்கினம். ஏழு மாசம் இருந்தவையும் இருக்கினம். பள்ளிக்கூடம் அவ்வளவு நாள் பொறுக்காமல் வேற ஆளை எடுத்தால் விண்ணப்பமே விழுந்துபோம்."

அவள் கோப்பின் மூலையை மடித்து மடித்து விரித்தாள்.

"அப்ப நான் போகக்கூடாது."

நான் தலையாட்டினேன்.

நன்றி சொல்லிவிட்டு மேலே போனாள். நான் அவள் மடித்த மூலையைப் பற்றித்தான் யோசித்தேன். அசல் பத்திரங்களை மடிக்கக்கூடாது.

அதற்குப் பிறகு மேலே வேறு பாட்டே இல்லை. ஒரே ஒரு ஜிக், அவர்கள் ஆட்டத்துக்கு வாசிக்கிற துள்ளல் மெட்டு, கரகரப்பிரியா என்று மனைவி சொன்ன அதுதான், தகப்பனுடையது. கிளேரில் மாலையாகிற நேரத்துக்கு இங்கே மத்தியானம். அந்த நேரம் தொலைபேசியை மேசையில் வைத்து அவருக்கு வாசித்துக் காட்டினாள் போலும். வாசிப்பு நிற்கும், ஒரு குரல் இருமும், இவள் ஏதோ சொல்வாள், திரும்பத் தொடங்கும். கீழே நாங்கள் கரண்டிச் சத்தம் கேட்காமல் சாப்பிடப் பழகினோம்.

ஒன்பதாவது நாள் மனைவி சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுத் தான் இருக்காமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"விதியைச் சொன்னனான்."

"போகக்கூடாது எண்டே விதி சொல்லுது?"

"போனால் வந்து வேலை செய்யேலாது எண்டு சொல்லுது. உமக்கு அது விளங்காது, அது வந்து—"

"எனக்கு விளங்குது. நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. போகக்கூடாது எண்டு எங்கயாவது எழுதிக் கிடக்கே?"

"இல்லை."

"அப்ப ஏன் அவள் மேல இருக்கிறாள்?"

மனைவி கதிரையை இழுத்து இருந்தாள். குரல் தணிந்தது.

"உங்களுக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. நானும் கூட இருந்தனான், எனக்குத் தெரியும். அவளுக்குப் பூட்டேல்லை. வெளியில குளிர், அவ்வளவுதான்."

நாங்கள் இங்கே வந்த இரண்டாம் வருடம் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தார். எங்கள் அகதி விண்ணப்பம் அப்போது விசாரணையில் இருந்தது. என் கடவுச்சீட்டு குடிவரவு அலுவலகத்தின் கோப்பில் இருந்தது. போக நினைப்பதற்கே வழி இல்லை. செய்தி வந்த அன்று நான் வழக்கம்போல, அப்போது செய்துவந்த துப்புரவு வேலைக்குப் போனேன். விடுப்புப் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பக் கை வரவில்லை. படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தளம் துடைத்தேன். என் வாழ்க்கையில் நான் நிரப்பாமல் விட்ட ஒரே படிவம் அது.

எனக்குத் தரப்பட்ட பதில் 'முடியாது'. அவளுக்கு விதி தந்த பதில் 'கஷ்டப்படுவாய்'. இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு பந்திகள். கவுண்டரில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் 'போகக்கூடாது' என்றபோது 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று திருத்தியிருக்க வேண்டும். என் பழைய பதிலை எடுத்து அவளுடைய கோப்பில் வைத்துவிட்டேன். எங்களைப் போல ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து மூடியவர்களுக்கே இந்தப் பிழை வரும். நிலுவையில் உள்ள கோப்பு என்றால் மூச்சும் விடக்கூடாது என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது.

சோறு ஆறட்டும் என்று எழுந்தேன். படிக்கட்டில் பனி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் வயலினைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தாள்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன். இந்த வசனத்தை அலுவலகத்தில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"விதி பிழையோ?"

"விதி சரி. நான் தலையாட்டினது பிழை."

அவள் விளங்காமல் பார்த்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். போகலாம். திரும்பி வரலாம். வந்து கொஞ்சக் காலம் கை கட்டி இருக்க வேண்டிவரும். பள்ளிக்கூடத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன். அவர்கள் பொறுக்கலாம், பொறுக்காமலும் விடலாம், அதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. அவள் இதையெல்லாம் கேட்டாளா என்று தெரியாது. பாதியிலேயே வயலினைப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோனேன். எல்லையில் காட்டவேண்டிய பத்திரங்களை வரிசைப்படி அடுக்கி ஒரு உறையில் கொடுத்தேன். "இதில தமிழில ஏதோ எழுதியிருக்கு," என்றாள். மனைவி உறையின் பின்பக்கத்தில் 'கவனம் பிள்ளை' என்று எழுதியிருந்தாள். அதிகாரிகள் அதைச் சந்தேகிக்கக்கூடும் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

அவள் இல்லாமல் சனிக்கிழமை வகுப்பைப் பள்ளிக்கூடம் நிறுத்தி வைத்தது. அந்தச் சனி பத்து மணிக்கு எங்கள் வாசல்மணி அடித்தது. பஸ் சாரதி அக்கோர்டியனோடு நின்றார். பின்னால் ஒரு தாதி, வகுப்பில் விசில் என்கிற சிறு குழல் வாசிப்பவள், வாய் திறந்து பேசமாட்டாள்.

"மடாம், மண்டபம் பூட்டியிருக்கிறது. உங்கள் குசினி பூட்டியிருக்கிறதா?"

மனைவி அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டுக் கொப்பியை எடுத்தாள்.

"ஓ, மடாம்! தாள்!" பஸ் சாரதி நெஞ்சில் கை வைத்தார். "தாள் தடை அல்லவா?"

"அவள் இஞ்சை இல்லைத்தானே," என்றாள் மனைவி. தமிழில்தான் சொன்னாள். அவருக்கு விளங்கியது.

அப்படி எங்கள் குசினியில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. என் மனைவி தொழிற்சாலைப் பிரெஞ்சில் கட்டளையிட்டு, ச ரி க ம பாட, அந்த மனிதர் மூக்கால் 'ஸா, க்ஹி, கா' என்று பாடி அக்கோர்டியனில் தேடினார். கியூபெக் ஊர்வழக்கில் வாசிக்கிறவர் கதிரையில் இருந்தபடியே இரண்டு காலாலும் தளத்தில் தாளம் போடவேண்டும். அதையும் போட்டார். பீங்கான்கள் அலுமாரியில் ஆடின. தகப்பனுடைய அந்த ஜிக்கைத்தான் எடுத்தார்கள். முதல் பாதி வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் கொப்பியே சந்தேகமாக இருந்தது. மனைவி அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

இரண்டாவது சனி, வாசித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அவள்தான். தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து எடுக்கிறேன், நீங்கள் வாசிப்பதை அவர் கேட்க ஆசைப்படுகிறார் என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தேன். மூவரும் வாசித்தார்கள். மூன்று தரம், வழக்கப்படி. முடிந்ததும் அந்தப் பக்கம் ஒரு இருமல், பிறகு ஒரு முணுமுணுப்பு, பிறகு அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் அந்த மாதம் முழுக்க நான் கேட்கவில்லை.

"அக்கா, அப்பா கேக்கிறார், ஆராம் அந்தச் சுரத்தை விடமாட்டன் எண்டு பிடிச்சு ஆட்டிறது?"

மனைவியின் முகம் சிவந்துபோனது. "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு பிள்ளை. என்ர கை அப்படித்தான்."

"இல்லை அக்கா, இன்னொருக்கா ஆட்டட்டாம். மற்றது, கனநேரமா ஆரோ கதவைத் தட்டுகினமாம், போய்த் திறக்கட்டாம்."

பஸ் சாரதிக்குத் தன் கால்களைத்தான் சொல்கிறார் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் எழுந்து தொலைபேசிக்குத் தலை குனிந்தார். திரும்ப வாசித்தார்கள். இந்த முறை எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டவில்லை. தேறிவிட்டேன்.

அடுத்த வியாழன் காலை ஒரு செய்தி வந்தது. 'அப்பா போயிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.' இரண்டு வசனம். மனைவி முதலாவதுக்கு அழுதாள். நான் இரண்டாவதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து இன்னொரு கிழமைக்குப் பிறகு அவள் திரும்பி வந்தாள். எல்லையில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். ஆறு மாதத்துக்குப் பார்வையாளர், வேலை செய்யக்கூடாது. நான் சொன்னபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல். அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. புதிய அனுமதி பிறகு மே மாதத்தில் வந்தது, பள்ளிக்கூடமும் பொறுத்திருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். மார்ச்சில் எங்களுக்கு அது தெரியாது.

வந்த சனிக்கிழமை குசினி வகுப்புக்கு அவளையும் மனைவி கூப்பிட்டாள். நான் முன்கூட்டியே எல்லாரையும் இருத்தி நிலைமையை விளக்கினேன். இன்று இவள் ஆசிரியை இல்லை, எங்கள் வீட்டு விருந்தாளி. பாடம் சொல்லக்கூடாது. திருத்தக்கூடாது. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவும் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் இன்னொருவர் செய்யக்கூடிய வேலையைச் செய்தால் அது வேலைதான் என்று ஒரு வியாக்கியானம் உண்டு.

"சாப்பிடலாமோ?" என்று அவள் கேட்டாள்.

"சாப்பிடலாம்."

"அழலாமோ?"

"அதுக்குப் படிவம் இல்லை, பிள்ளை," என்றாள் மனைவி, நான் வாயைத் திறக்கமுன்.

அவள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவர்கள் தொடங்கினார்கள். முதல் பாதி ஓடியது. இரண்டாம் பாதியில் அந்த இடம் வந்தது. மூவரும் மூன்று பக்கம் போய், தடுமாறி, ஒன்றாகச் சேர்ந்து, தொடர்ந்தார்கள். அவளுடைய இடதுகை விரல்கள் தந்திக்கு மேலே அசைந்தன, ஆனால் தொடவில்லை. மறுபடி அந்த இடம். மறுபடி மூன்று பக்கம். அவள் யன்னலைப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது. தகப்பனுடைய பாட்டில் அந்த இடம் எப்படிப் போகும் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த நாட்டில் அவள்தான், அவள் என் விதிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

பஸ் சாரதி அக்கோர்டியனை நிறுத்தினார். "மன்னிக்கவேண்டும். அந்த இடம்... உங்கள் அப்பா அங்கே மேலே போவாரா, கீழேயா?"

கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பேசாத தாதியும் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். கோட்டைப் போட்டு, சப்பாத்தை மாட்டி, தொப்பியைத் தேடி எடுத்தேன். "வாசலில பனி கிடக்கு, தள்ளவேணும்," என்றேன்.

மூன்று நாளாகப் பனி பெய்யவில்லை. வாசல் உலர்ந்து கிடந்தது. பனி தள்ளும் சவளை எடுத்து வெறும் சீமெந்தைச் சுரண்டினேன். எதிர்வீட்டுக்காரர் தபால் எடுக்க வந்தவர், என்னைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, 'போன்ஷூர்' சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு குரல், தாழ்வாக, அவளுடையது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, ஆனால் அந்தத் தொனி எனக்குத் தெரியும், யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிற தொனி. பிறகு ஒரு வயலின் தனியே, மெதுவாக, அந்த ஒரு இடத்தை மட்டும். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, கொஞ்சம் நின்று போனது. திரும்ப அதையே. மூன்றாம் முறை மனைவியின் வயலின் பின்னால் போனது, தன் பாட்டில் ஆட்டிக்கொண்டு. விசில் சேர்ந்தது. அக்கோர்டியன் சேர்ந்தது. கால்கள் சேர்ந்தபோது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் அந்தத் தாளத்துக்குச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

யன்னல் திறந்தது. "உள்ள வாங்கோ. குளிருக்க நிண்டு என்ன செய்யிறியள்?"

"முடிஞ்சுதா?"

"என்ன முடியிறது?" என்றாள் மனைவி. "இஞ்சை ஒண்டும் நடக்கேல்லையே."

சவளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். மேசையில் தேத்தண்ணி ஊற்றியிருந்தது. அந்தப் பெண்ணுடைய வயலின் தாடைக்குக் கீழே இருந்தது, வில் தந்தியில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினேன்.